வரைபடத்தில் இல்லாத ஊற்று

என் தம்பி வெர்லின் நான்காம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் நெவாடாவில் எங்கள் மலைத்தொடரில் அவன் மாடு ஓட்டாத பள்ளத்தாக்கு கிடையாது. 1931 கோடையில் அரசாங்க நில அளவைக்காரர்கள் கோவேறு கழுதைகளோடு வந்தபோது, வழிகாட்ட அவனைத்தான் கூப்பிட்டார்கள். ஆறு வாரம் கூடவே அலைந்தான். எந்த ஓடை ஆகஸ்டில் வற்றும், எந்த முகட்டுக்கு என்ன பெயர் என்று அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள்.

ஒன்றை மட்டும் அவன் சொல்லவில்லை: சிவப்புப் பாறைக்குப் பின்னால், எங்கள் மாடுகள் குடிக்கும் ஊற்று. தண்ணீர் இருக்கும் இடத்தை எங்கள் பக்கத்தில் வெளியாளிடம் யாரும் சொல்வதில்லை.

"அந்தப் பக்கம் பூரா பாம்புன்னு சொன்னேன்க்கா. அளவைக்காரப் பெரியவர் கழுதையத் திருப்பிட்டாரு!"

"கெட்டிக்காரன்டா நீ," என்று இன்னொரு துண்டு இறைச்சியை அவன் தட்டில் வைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து வரைபடம் தபாலில் வந்தது. நன்றிக்காக ஒரு முகட்டுக்கு 'வெர்லின் முகடு' என்று பெயர் போட்டிருந்தார்கள். ஓடைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒரு பிழை இல்லை. விடுபட்ட ஊற்றை மெல்லிய பேனா முனையால், அவர்கள் போட்டது போலவே, நீலப் புள்ளியாக வைத்துச் சுவரில் மாட்டினேன்.

1936இல், சொந்தத் தண்ணீர் வைத்திருப்பவருக்கே அரசாங்க மேய்ச்சல் நிலம் என்று சட்டம் வந்தது. பக்கத்துப் பண்ணைக்காரன் டெகார்ட், அதிகாரி நடத்திய விசாரணையில் கூசாமல் சொன்னான்: "அந்த ஊத்து போன வருஷம் நான் தோண்டினது. அதுக்கு முன்னாடி அங்க ஏது தண்ணி? அரசாங்கப் படத்தப் பாருங்க."

நான் எங்கள் படத்தை விரித்தேன். அதிகாரி விரலை நனைத்துப் புள்ளியைத் தேய்த்தார். மை கலைந்தது.

"யாரும்மா போட்டது?"

"நான்தான்."

"ஒரு ஏரியும் வரைஞ்சிருக்கலாமே, அம்மணி!" என்றான் டெகார்ட். எல்லோரும் சிரித்தார்கள்.

வெர்லின் எழுந்தான். "ஊத்து எப்பவும் இருந்துச்சுங்க. நான்தான் மறைச்சேன்."

"அன்னைக்கு அரசாங்கத்துக்கிட்டயே பொய் சொல்லியிருக்க. இன்னைக்கு உன்ன எப்படி நம்புறது?" என்றார் அதிகாரி.

அந்த இலையுதிர்காலத்தில் மாடுகளை விற்றோம். வெர்லின் டெகார்ட்டிடமே வேலைக்குப் போனான். அவனுக்குக் கொடுத்த முதல் வேலை, அந்த ஊற்றைச் சுற்றி முள்கம்பி அடிப்பது.

வரைபடத்தின் அடுத்த பதிப்பில் அது 'டெகார்ட் ஊற்று'. அதற்கு நேர் மேலே வெர்லின் முகடு, இன்னும் என் தம்பியின் பெயரில். அங்கே ஒரு கன்றுக்குக்கூடத் தண்ணீர் கிடையாது.