கண் திறக்கிற வேலை

எங்கள் ஸ்டுடியோ கம்ப்யூட்டர் தினமும் காலையில் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கும். புது சிஸ்டம் தயாராக இருக்கிறது, இப்போதே மாறிக்கொள்கிறீர்களா, அப்புறமா? நான் 'அப்புறம்' என்பதை அழுத்துவேன். என் மாமியாரும் தினமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "படத்த எப்பத்தா மாட்டப்போற?" அவருக்கும் அதே பதில்தான். இரண்டு பேரையும் ஒரு வருஷமாக இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

படம் என்றால் என் வீட்டுக்காரர் படம். போன பங்குனியில் ஒரு கல்யாண மண்டபத்தில், கேமரா கழுத்தில் தொங்க, பந்திக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. தலைத்திவசம் நெருங்கிவிட்டது. ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் படம் செய்து கொடுத்த மனுஷனுக்கு மாலை போட ஒரு படம் இல்லையென்றால் நாலு பேர் சிரிக்கமாட்டார்களா என்பது அத்தையின் கவலை. சிரிப்பார்கள்தான். எனக்கே சில நேரம் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது.

ஆனால் படம் வேண்டுமே. படம் எடுக்கிறவனை யார் படம் எடுக்கிறார்கள்? எங்கள் கல்யாண ஆல்பம் முழுக்க அவர் வெட்கத்தில் தலைகுனிந்திருக்கிறார். அதற்குப் பிறகு வந்த படங்களில் வெயிலுக்குப் போட்ட கறுப்புக் கண்ணாடியை அவர் கழற்றியதே இல்லை. செல்ஃபி எடுக்கிறவர்களைக் கண்டாலே ஆகாது. ஆதார் அட்டையில் இருப்பது அவர்தான் என்று நான் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே படம், நான் எடுத்தது. புதுக் கேமரா வந்த அன்றைக்கு என் கையில் கொடுத்து, "சும்மா ஒண்ணு எடுத்துப் பாரு" என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாய் நிறையச் சிரித்தார். நான் பட்டனை அழுத்திய நேரம் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அத்தனை அழகான படம், கண் மட்டும் இல்லை.

மூடிய கண்ணைத் திறப்பதுதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வேலை. எங்கள் கடை உத்தரகோசமங்கைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு கடைத்தெருவில் இருக்கிறது. கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் செத்தவர் படம் மாட்டமாட்டார்கள். அவர்கள் விசாவுக்குப் படம் எடுக்க வருவார்கள். இல்லாவிட்டால் சவுதியில் இருக்கிற வாப்பாவை மகள் கல்யாணக் குரூப் போட்டோவில் சேர்த்துத் தரச் சொல்வார்கள். வயக்காடு பார்க்கிற உள்ளூர்ச் சம்சாரிகளும் வாலிநோக்கத்து உப்பளத்துக்காரர்களும்தான் செத்தவர் படத்துக்கு வருவார்கள். உயிரோடு இருந்தவரை ஒரு படம் எடுத்திருக்கமாட்டார்கள். பாடையில் வைத்த பிறகு செல்போனில் எடுத்ததைக் காட்டி, "கண்ணு மட்டும் தொறந்து குடுங்கண்ணே" என்பார்கள். இவர் திறந்து கொடுப்பார். படத்தை வாங்கிப் பார்த்ததும் கடையிலேயே உட்கார்ந்து அழுவார்கள்.

கோயிலில் சாமி சிலைக்குக் கண் திறக்கும்போது ஸ்தபதி எதிரே யாரையும் நிற்கவிடமாட்டார். முதல் பார்வை மனுஷர்மேல் விழக்கூடாது என்பார்கள். இவர் அந்தச் சாஸ்திரத்தை அப்படியே ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்துவிட்டார். கண் திறக்கிற அன்றைக்கு உள்ளறைக் கதவைச் சாத்திக்கொள்வார். டீ கொண்டுபோனால் கதவிடுக்கில் கையை நீட்டி வாங்கிக்கொள்வார். "கம்ப்யூட்டருக்கு என்னய்யா சாஸ்திரம்?" என்று நான் கேலி செய்தால், "ஒனக்குத் தெரியாது, போ" என்பார். கல்யாண ஆல்பம், பாஸ்போர்ட் படம் எல்லாவற்றையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். இந்த ஒரு வேலையை மட்டும் கண்ணில் காட்டவில்லை.

அவர் போன பிறகு அந்த வேலைக்கு வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டேன். அவருக்கே அந்த வேலை வேண்டும் என்றபோதுதான் ராமநாதபுரத்திலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர்க்கார பாயை வரச் சொன்னேன். வளைகுடாவில் பல வருஷம் இருந்து திரும்பியவர். என் வீட்டுக்காரரை மாப்ளே என்றும் என்னைத் தங்கச்சி என்றும்தான் கூப்பிடுவார். பெட்டியைத் திறந்து பார்த்து உச்சுக் கொட்டினார்.

"உப்புக்காத்துல உள்ள பூராம் அரிச்சுக் கெடக்கு தங்கச்சி. பழைய சிஸ்டத்துக்கு இனி பாதுகாப்புக் கெடையாதுன்னு கம்பெனிக்காரன் கைகழுவிட்டான். வைரஸ் வந்துச்சுன்னா மாப்ள எடுத்த மொத்தப் படமும் போயிரும்."

"அப்பப் புதுசு போட்டிரலாமாண்ணே?"

"போடலாம். மூடுன கண்ண அதுவாவே தொறந்துவிடுற வசதியெல்லாம் புதுசுல இருக்கு. ஆனா மாப்ள வேல பாத்த பழைய சாஃப்ட்வேர் அதுல ஓடாது. அவரு முடிச்சு வச்ச படம் தெரியும், உள்ள என்ன செஞ்சாருன்னு பாக்க ஏலாது."

"பிடிக்கலைன்னா?"

"கொஞ்ச நாளைக்குள்ள பழசுக்கே திரும்பிக்கிறலாம். மவுத்து மாதிரி இல்ல, திரும்பி வர வழி வச்சிருக்கான்." சாவுப் பேச்சை எடுத்துவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். படங்களையெல்லாம் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து வைத்துவிட்டு, "யோசிச்சுப் போடு" என்று சொல்லிப் போனார்.

யோசித்தேன். அவர் கை பட்டதெல்லாம் பழசில் இருக்கிறது. அவர் கண்ணைத் திறக்கிற வழி புதுசில் இருக்கிறது. மறுநாள் 'இப்போதே' என்பதை அழுத்தினேன்.

நேரம் பார்த்து அழுத்தவில்லை. ஆனால் அது ஓடி முடியும்போது உருமநேரம் ஆகிவிட்டது. உச்சிவெயிலில் எங்கள் ஊர் ராத்திரியைவிட மோசம். தெருவில் நாய்கூட இருக்காது. கருவேலங்காட்டுக்கு அந்தப் பக்கம் கானல் தண்ணீர்போல நெளியும். அந்த நேரத்தில் பொம்பளைகள் தனியாக வெளியே போகக்கூடாது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். நான் கடைக்குள்தான் இருந்தேன், ஆனாலும் யாரோ வாசலில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. கம்ப்யூட்டர் அணைந்து, எரிந்து, மறுபடி அணைந்தது. பிறகு திரை முழுக்க இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. எல்லாம் நீங்கள் விட்ட இடத்திலேயே இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கே இருக்கிறது, காட்டேன் பார்ப்போம் என்று வாய்விட்டே சொன்னேன்.

அவர் படத்தைத் திறந்து, கண் திறக்கிற பட்டனை அழுத்தினேன். கண் திறந்தது. அவருடைய நெற்றி, அவருடைய மூக்கு, அவருடைய சிரிப்பு. நடுவிலிருந்து வேற்று மனுஷன் ஒருவன் என்னைப் பார்த்தான். அழகான கண்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் யாருடைய கண்ணும் இல்லை அது. இந்த வீட்டுக்குள் வந்து என் புருஷன் முகத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் மாதிரி இருந்தது. உடனே மூடிவிட்டேன்.

ஆனாலும் ஆசை விடவில்லை. புது சிஸ்டத்தில் முகம் தேடுகிற வசதி ஒன்று இருந்தது. ஒரு முகத்தைக் காட்டினால் அந்த ஆள் வேறு எந்தெந்தப் படத்தில் இருக்கிறார் என்று தேடிக் கொடுக்கும். எத்தனையோ கல்யாணம் எடுத்திருக்கிறார். ஏதாவது ஒரு மண்டபத்துக் கண்ணாடியில், கூட்டத்துக்குப் பின்னால், கண்ணைத் திறந்துகொண்டு அவரும் விழுந்திருக்கமாட்டாரா? இருந்தால் அந்தக் கண்ணை எடுத்து வைத்துவிடலாம். தேடச் சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

அவர் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக அது என்னிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்தது. இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவரும் இவரும் ஒரே ஆளா என்றது. ஒரு பக்கம் காதில் பாம்படம் தொங்குகிற கிழவி. இன்னொரு பக்கம் கடலுக்குப் போய்ச் செத்த வாலிநோக்கத்துப் பையன். 'இல்லை' என்று அழுத்தினேன். அடுத்து அந்தக் கிழவியையும் மீசைக்கார வாத்தியார் ஒருவரையும் காட்டியது. இல்லை என்றேன். புதுசு என்று தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள், இதற்கு ஆணும் பெண்ணும் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒன்று உறைத்தது. அது காட்டிய யாரும் உயிரோடு இல்லை.

கொஞ்ச நேரத்தில் கேட்பதை நிறுத்திவிட்டு அதுவாகவே எல்லாரையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டியது. 'பெயர் தெரியாதவர், பெயர் சேர்க்கவும்' என்று மேலே போட்டிருந்தது. திறந்தேன். கிழவனும் கிழவியும் வாலிபனும் பிள்ளைத்தாய்ச்சியுமாக, அவர் கண் திறந்துவிட்ட அத்தனை பேரும் வரிசையாக என்னைப் பார்த்தார்கள். எல்லாரும் ஒரே ஆள் என்று கம்ப்யூட்டர் சொன்னது. கடைசியாக ஒரு படத்தைக் காட்டி, இவரும் அதே ஆளா என்று கேட்டது.

அது நான்.

எனக்கு அந்தப் படம் நினைவிருக்கிறது. கல்யாணமான புதிதில், புது லைட்டைச் சோதித்துப் பார்க்க என்னை உட்காரவைத்து எடுத்தது. "லென்ஸப் பாரு, லென்ஸப் பாரு" என்று கத்திக்கொண்டே இருந்தார். நான் லென்ஸுக்கு மேலே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வருகிறதா, கோபம் வருகிறதா என்று தெரியாத ஒரு பார்வை. மறுபடி அந்தக் கட்டைத் திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். சின்னதாக்கி, பெரிதாக்கி, ஓரத்தில் சுருக்கம் போட்டு, மஞ்சளோ சிவப்போ ஏற்றி, எல்லாருக்கும் என்னுடைய அந்தக் கண்ணையேதான் வைத்திருந்தார்.

நம்பிக்கை வராமல், எங்கள் தெருவிலேயே பூக்கட்டுகிற ஒரு பெண் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா படம் எங்கள் கடையில் செய்தது. மதினி என்று கூப்பிட்டுப் பேசுகிறவள். நான் படத்தையே பார்ப்பதைக் கண்டு, "ஒங்களப் பாத்தா எனக்கு அம்மா நெனப்புதான் வரும் மதினி. ஏன்னு தெரியல" என்றாள். இதையே எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்! கோயிலில், பஸ்ஸில், முன்பின் தெரியாத பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றிருக்கிறார்கள். என் முகராசி என்று நானும் பெருமைப்பட்டிருக்கிறேன். சுவரிலிருந்து நானே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்துக்கு முன்னால் எரிகிற விளக்கு அவளுடைய அம்மாவுக்கு, பார்வை என்னுடையது. வாரேன் என்றுகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அன்றைக்கே பழைய சிஸ்டத்துக்குத் திரும்பினேன். அவருடைய சாஃப்ட்வேரில் அவர் முடித்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே பார்த்தேன். முகம் ஒரு அடுக்கு, சட்டை ஒரு அடுக்கு, பின்னணி ஒரு அடுக்கு என்று பிரித்துப் பேர் எழுதியிருந்தார். கண் இருந்த அடுக்குக்கு 'வீட்ல' என்று பேர் வைத்திருந்தார். வெளியில் என்னைப் பற்றிப் பேசும்போது அப்படித்தான் சொல்வார், வீட்ல சொன்னாக, வீட்ல கேட்டாக என்று. எனக்குப் பயமும் அழுகையும் ஒன்றாக வந்தது. திட்டுவதற்கு ஆள் இல்லாதது அன்றைக்குத்தான் பெரிய குறையாக இருந்தது.

பாய் போன் செய்து, "புதுசு எப்படித் தங்கச்சி? போட்டது பிரயோசனமா?" என்றார். "புதுசு கெட்டிக்காரத்தனமாத்தாண்ணே இருக்கு. எனக்குப் பழசே போதும்" என்றேன். வைரஸ் வந்தால் வரட்டும் என்று இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

அவருக்கு என்ன செய்வது? கண் மூடிய படம் வீட்டுக்கு ஆகாது என்று அத்தை ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். புது சிஸ்டம் வைத்த வேற்றாள் கண்ணோடு அவரை மாட்ட எனக்கு மனசில்லை. என்னிடம் இருந்தது ஒரு ஜோடிக் கண்தான். உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு 'வீட்ல' அடுக்கை எடுத்து அவர் முகத்தில் வைத்தேன். கொஞ்சம் பெரிதாக்கினேன், ஓரத்தைச் சரிசெய்தேன், நிறத்தை இறக்கினேன். பார்த்தால் அவர்தான். சந்தேகமே இல்லாமல் அவரேதான். எனக்குக் கூசியது, இருந்தாலும் பிரிண்டுக்கு அனுப்பிவிட்டேன்.

தலைத்திவசத்துக்கு முதல்நாள் படத்தை மாட்டினேன். சொந்தக்காரர்கள் எல்லாம் அப்படியே உயிரோடு இருக்கிறமாதிரி இருக்கிறது என்றார்கள். அத்தை மட்டும் படத்துக்கு எதிரே போய் நின்றார். வலதுபக்கம் நகர்ந்து பார்த்தார், இடதுபக்கம் நகர்ந்து பார்த்தார்.

"ஏத்தா, படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இவன் நம்மளப் பாக்கலையே. தலைக்கு மேல யாரையோல்ல தேடுறான்?"

நான் மாலையைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தக் கண் யாரைத் தேடுகிறது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு லைட்டுக்குப் பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தவரைத்தான். அவர் முகத்திலேயே அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன், இனி அந்தக் கண்ணால் அவரைப் பார்க்கவே முடியாது.