அக்தர் பேகம் கேட்ட பேப்பர்

மின் கணக்கு எடுக்க வந்தவரின் சைக்கிள் கேரியரை அக்தர் பேகம் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவர் மீட்டரைப் பார்த்தாயிற்று, அட்டையில் கிறுக்கியும் ஆயிற்று. ஆனாலும் போக முடியாது.

"இன்னா எழுதின, வாயால சொல்லிட்டுப் போ."

சொல்கிறார்.

"போன தபா எவ்ளோ?"

அதையும் சொல்கிறார். கேரியர் விடுபடுகிறது.

பள்ளிக்கரணையில், சதுப்பு நிலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தெருவில் இது எல்லாருக்கும் பழகிப்போன சங்கதி. கேஸ் சிலிண்டர் போடுகிறவர், கொசு மருந்து அடிக்கிறவர், வாக்காளர் பட்டியலோடு வரும் டீச்சர் என யாராக இருந்தாலும் சரி. அவள் வாசலில் எதையாவது எழுதினால், எடுத்தால், அதை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதில் வெட்கமும் கிடையாது. படித்தவன் எதற்குப் படித்தான், நமக்குப் படித்துக் காட்டத்தானே என்பாள்.

முழங்கால் ஓய்வு கேட்கிற வயது. வாய் இன்னும் கேட்கவில்லை. கைப்பிடி உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தலையிலிருந்து நழுவும் முக்காட்டை, வாடகை தராத குடித்தனக்காரனைத் திட்டுவதுபோல் திட்டித் திட்டி இழுத்துவிட்டுக்கொள்வாள். புருஷன் முனீர் தாம்பரத்தில் மெத்தைக் கடை வைத்திருந்தவர். "மெத்த விக்கிற மனுசன், ஒரு நாள் பகல்ல படுத்தது இல்ல. ஒரு நாள் படுத்தாரு. எழுந்திருக்கல." அவரைப் பற்றி அவள் சொல்வது இவ்வளவுதான். அவர் விட்டுப்போனது, பின்னால் மூன்று போர்ஷன் வைத்த வீடும் ஒரு ஆழ்துளைப் போரும். தெரு முழுக்கத் தண்ணீர் உப்புக் கரிக்கும். அந்தப் போரில் மட்டும் இனிக்கும். போர்ஷன் ஒரு மாதம்கூடக் காலியாகக் கிடக்காததற்கு அந்தத் தண்ணீர்தான் காரணம். அக்கம்பக்கத்தார் குடத்தோடு வந்து அவள் வசவை வாங்கிக்கொண்டு போவதற்கும் அதுதான் காரணம்.

அந்தத் தண்ணீரைத் தேடித்தான் அசரியா வந்தான். ஏதோ ஒரு அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. சேலையூர்க்காரன். நாற்பதை நெருங்கியும் பிஎச்டி முடியவில்லை, தலைமுடிதான் முடிந்திருந்தது. மாதம் ஒரு முறை தெர்மோகோல் பெட்டியோடு வந்து, பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மார்க்கர் பேனாவால் அதன்மேல் எதையோ எழுதிக்கொண்டு போவான். அக்தர் பேகம் அவனை டாக்டர் என்றுதான் கூப்பிடுவாள். "ஆவறதுக்கு முன்னாடியே கூப்புட்டுடறேன். ஆவறியோ இல்லியோ."

வாசல் சட்டம் அவனுக்கும் உண்டு. தண்ணீர் என்ன சொல்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். ஆராய்ச்சிப் பேப்பர் வரட்டும் பேகம்மா, அதுவரைக்கும் மூச்சு விடக்கூடாது என்று எங்கள் கைடு சொல்லியிருக்கிறார் என்பான். ரெண்டு வருஷம் இப்படியே ஓடியது.

ஒரு நாள் இனிப்புப் பெட்டியோடு வந்தான். பேப்பர் வந்துவிட்டதாம், வெளிநாட்டுப் பத்திரிகையில். அக்தர் பேகம் ஒரு துண்டு மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டு கையை நீட்டினாள். பேப்பர் எங்கே?

அவனிடம் இல்லை. கம்ப்யூட்டரில் இருக்கிறது, திறந்து படிக்க டாலரில் பணம் கட்ட வேண்டும், அவன் ஆபீஸ் அந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுவதில்லை, உரிமையை எல்லாம் அவனே அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். மென்று மென்று ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"தண்ணி யாருது?"

"உங்களுது."

"உனுக்கு சம்பளம்?"

"கவர்மென்ட்."

"கவர்மென்டுக்கு?"

அவளே சொன்னாள். "நான் சோப்பு வாங்கினா வரி, தீப்பெட்டி வாங்கினா வரி. என் தண்ணி, என் துட்டு. நடுவுல பூட்டு போட்டவன் எவன்டா?"

எழுதின தனக்கே அது திறக்காது என்று அவன் முனகியபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டின பெண்டாட்டியைப் பார்க்க டிக்கெட் வாங்கின முதல் ஆம்பிளை நீதான் என்றாள். அவனுக்குக் காது சிவந்தது. அரசாங்கக் காசில் செய்த ஆராய்ச்சியை எல்லாரும் சும்மா படிக்க விடணும் என்று உலகமெங்கும் பேச்சு நடக்கிறது, எங்கள் நிலையத்திலும் அதற்கு ஒரு கமிட்டி போட்டிருக்கிறார்கள் என்று சமாதானம் சொன்னான். கமிட்டி போண்டா தின்று முடிக்கட்டும், அதுவரைக்கும் நீ வாயால் சொல் என்றாள் அவள். அவன் செருப்பைப் பார்த்தான். பேப்பரில் விளக்கமாக இருக்கிறது என்றான்.

"நல்ல சேதின்னா இந்நேரம் நீயே மைக் செட்டு கட்டியிருப்ப" என்றாள்.

அன்றைக்கு மோட்டார் ரூம் சாவி அவள் முந்தானையில் ஏறியது. அடுத்த மாதம் அவன் வந்தபோது தண்ணீர் இல்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. போன தண்ணீருக்குப் பதில் சொன்னால்தான் இந்தத் தண்ணீர் என்றாள். நடுவில் மாதங்கள் விட்டுப்போனால் பிஎச்டியே படுத்துவிடும் என்று கெஞ்சினான். படுக்கட்டும், எங்கள் வீட்டு மெத்தையே தருகிறேன் என்றாள்.

கடைசியில் அமெரிக்காவில் படிக்கிற நண்பன் ஒருவன் பேப்பரை இறக்கி மெயிலில் அனுப்பினான். தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் அச்செடுத்துக்கொண்டு அசரியா வந்து சேர்ந்தான். மோட்டார் ரூம் படியில் இருவரும் உட்கார்ந்தார்கள். பேப்பரில் அவள் பேர் இல்லை, தெரு பேர் இல்லை. அவள் போருக்கு எஸ்-ஏழு என்று நம்பர் போட்டிருந்தது. அந்த வரியில் விரலை வைத்தான். நைட்ரேட் என்று ஒரு உப்பு, அளவுக்கு மேல் இருக்கிறது. பெரியவர்களை உடனே ஒன்றும் செய்யாது. கைக்குழந்தைக்குத்தான் ஆகாது. பால் பவுடரை இந்தத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் ரத்தத்தில் பிராணவாயு ஏறாது, உடம்பு நீலம் பாரித்துவிடும். காய்ச்சினால் தண்ணீர்தான் வற்றும், உப்பு வற்றாது.

"எங்கேந்து வருது?"

அவன் பேனாவை நீட்டிக் காட்டினான். மோட்டார் ரூமுக்குப் பின்னால், குழாய்ச் செலவை மிச்சம் பிடிக்க முனீர் போரை ஒட்டிக் கட்டின செப்டிக் டேங்க்.

அக்தர் பேகம் அந்தச் சிமென்ட் மூடியைப் பார்த்தாள். "சீதக்காதி செத்தும் குடுத்தாராம். எங்க ஆளும் குடுத்துகினுதான் கீறாரு. தெரு மொத்தம் இத்தினி வருசமா இனிப்பா கீது இனிப்பா கீதுன்னு குடிச்சிகினு கீது."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கடைசிப் போர்ஷனில் காமு இருக்கிறாள். புருஷனுக்கு மறைமலை நகரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. ஐந்து மாதப் பிள்ளை அனிருத். தாய்ப்பால் போதாமல் பவுடர் பால். இந்தத் தண்ணீருக்காகவே இந்தப் போர்ஷனைப் பிடித்தவர்கள். விஷயம் தெரிந்தால் அவர்கள் மட்டுமா, மூன்று போர்ஷனும் காலியாகும். வேறு வருமானம் அவளுக்குக் கிடையாது.

பேப்பரை நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகினாள். எனக்குப் படித்தாய், அதோடு விடு என்றாள். அசரியாவுக்கு ஒரே நிம்மதி. அதைத்தான் எங்கள் கைடும் சொல்கிறார், ஜனங்கள் வீணாகப் பயந்துவிடுவார்கள் என்று தலையாட்டினான். அத்தனை நாள் மல்லுக்கு நின்றவன் இப்போது தன் கட்சியில் சேர்ந்துவிட்டதைப் பார்த்து அவள் முகம் வேப்பங்காயைக் கடித்தமாதிரி ஆயிற்று.

அப்போது காமு சொம்போடு வந்தாள். "மோட்டார் போடறீங்களா ஆன்ட்டி? பாலுக்குத் தண்ணி வேணும்."

"கரண்ட் இல்ல."

காமு உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஃபேன் ஓடுதே ஆன்ட்டி."

அக்தர் பேகம் ஃபேனைப் பார்த்தாள். அசரியாவைப் பார்த்தாள். பிறகு ரவிக்கைக்குள் கைவிட்டுப் பேப்பரை உருவினாள்.

"இந்தா. உன் புள்ளைக்கு இந்தத் தண்ணி ஆவாது. காய்ச்சினாலும் ஆவாது. எங்க கக்கூஸ் தண்ணி கலக்குது. இதுல எழுதி கீது, படி."

காமு படித்தாள். இங்கிலீஷ்தான், ஆனால் அவளுக்குப் புரிகிற இங்கிலீஷ். நிமிர்ந்து அசரியாவிடம் மட்டும் கேட்டாள். "எவ்ளோ நாளா சார் உங்களுக்குத் தெரியும்?" அவன் பதில் சொல்லும்வரை அவள் நிற்கவில்லை. சொம்பு படியிலேயே கிடந்தது. கடைசிப் போர்ஷன் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அவள் போனில் புருஷனோடு பேசுவது கேட்டது. எப்போது காலி செய்யலாம் என்கிற பேச்சு.

அக்தர் பேகம் அசரியாவின் கையில் மார்க்கரைத் திணித்து, பேப்பரின் மேலே தமிழில் பெரிதாக எழுதச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினான்: கைக்குழந்தை உள்ளவர்கள் இந்தத் தண்ணீரில் பால் கரைக்காதீர்கள், காய்ச்சினாலும் கூடாது, செப்டிக் டேங்க் எங்களுடையது. இதை வாசலில் ஒட்டினால் பத்திரிகைக்காரன் கேஸ் போடுவான், உரிமை அவனுடையது என்று எழுதி முடித்த பிறகும் முனகினான்.

"வரச் சொல்லு. இங்கதான் குந்திகினு இருப்பேன்" என்றாள்.

கேட்டில் பேப்பரைக் கட்டினாள். பிறகு பரணிலிருந்து வாடகைப் பலகையை இறக்கித் தூசி தட்டி, பேப்பருக்கு நேர் கீழே மாட்டினாள். வீடு கேட்டு வருகிறவன் மேலே படித்துவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும். மாட்டிவிட்டு, பலகையில் நல்ல தண்ணீர் என்று எழுதியிருப்பது எந்த வரி என்று கேட்டாள்.

அசரியா விரலால் தொட்டான். அவன் கையிலிருந்த மார்க்கரைப் பிடுங்கி, அவன் விரல் இருந்த இடத்திலிருந்து பலகையின் ஓரம் வரைக்கும் கறுப்பாக இழுத்தாள். ஒரு கோடு போதவில்லை போலிருந்தது. எழுத்து என்று ஒன்று அங்கே இருந்த அடையாளமே போகிறவரைக்கும் தேய்த்தாள்.