பூதத்தின் கடைசி இருபது பக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். சேலையூரில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடி அறையில் பதினோரு பேர் உட்கார்ந்து ஒரு பூதத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். சிரிக்காதீர்கள். எனக்கு அன்று அது விளையாட்டாக இல்லை.

எங்கள் வாசகர் வட்டம் ஒரே ஒரு எழுத்தாளருக்கானது. மாயம், மந்திரம், நக்கல் மூன்றையும் குழைத்து எழுதியவர். ராஜா கதைகள் என்று அவருடைய ஆறேழு நாவல்கள் உண்டு. தமிழ் படிக்கத் தெரிந்த எல்லோரும் படித்திருப்பார்கள். அதனாலேயே அவற்றைப் பற்றி எங்கள் வட்டத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ரயில்வே ஸ்டேஷன் கடைகளில் கொஞ்ச நாள் தொங்கிவிட்டுக் காணாமல் போன நாவல்கள்தான் எங்களுக்குச் சோறு. எமனின் எருமை வேலைநிறுத்தம் செய்யும் நாவலுக்காக எங்கள் டீச்சர் உயிரையே விடுவார். வட்டத்தை நடத்துவதும் அவர்தான், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுக்கிறார். வெறும் வயிற்றில் மட்டும் மந்திரம் பலிக்கிற மந்திரவாதியின் கதையை நான் ஒருத்திதான் தாங்கிப் பிடிக்கிறேன். அறுவை என்கிறார்கள். அவர்களுக்கு ரசனை அவ்வளவுதான்.

எங்களுக்கென்று ஒரு முறை இருக்கிறது. புத்தகத்தைக் கொண்டுவந்தவர் தனக்குப் பிடித்த பக்கத்தை வாய்விட்டுப் படிப்பார். அதை எதிர்க்கிறவர் சும்மா எதிர்க்க முடியாது. அதே பக்கத்தை மறுபடி வாய்விட்டுப் படித்து, எங்கே உதைக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். டீச்சரின் ஏற்பாடு. வாய்க்கொழுப்பில் பேசுகிறவர்கள் பாதிப் பேர் இதிலேயே அடங்கிவிடுவார்கள்.

அந்த மாதம் வந்தது அவருடைய கடைசி நாவல். புதையலைக் காக்கும் பூதம் ஒன்று, ஆயிரம் வருஷமாக ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை என்று மேலிடத்தில் சண்டை போட்டு லீவு வாங்கிக்கொண்டு சென்னைக்கு வரும். புத்தகம் வெளிவந்த மாதமே எழுத்தாளர் காலமானார்.

அந்தப் புத்தகத்தின் கடைசி இருபது பக்கத்தை எழுதியது நான்.

அப்போது குரோம்பேட்டையில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். எழுத்தாளர் திருச்சிப் பக்கத்து ஆள், கையால் எழுதித் தபாலில் அனுப்புவார். அவருடைய கோழிக்கிறுக்கலைத் தடங்கல் இல்லாமல் படிக்கத் தெரிந்தவள் ஆபீசிலேயே நான் ஒருத்திதான். அந்த நாவல் பாதி வாக்கியத்தில் நின்று வந்தது. மனிதர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். அட்டை ஏற்கெனவே அச்சாகிவிட்டது. முதலாளி தாளை என் மேஜையில் போட்டு, "நீயே முடிச்சுக் குடும்மா" என்றார். ஒன்பது நாளில் முடித்துக் கொடுத்தேன். பிறகு எழுத்தாளருடைய மனைவி போனில் அழுதார். "அவரே முடிச்சதா இருக்கட்டும். யாருக்கும் சொல்லிடாதேம்மா" என்றார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த அம்மாவும் இப்போது இல்லை. என் வீட்டுக்காரருக்குக்கூட இது தெரியாது.

புத்தகத்தைக் கொண்டுவந்தவர் பல்லாவரத்துக்காரர். தோல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், வட்டத்தில் எல்லோரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். அவர் பிரித்தது என்னுடைய பக்கத்தை. பூதம் தாம்பரம் ஸ்டேஷனில் நிற்கும். மலையைத் தூக்கும் பூதம், ஜன்னல் சீட்டுக்காகச் செங்கல்பட்டிலிருந்து கூட்டமாக வரும் வண்டியை விட்டுவிட்டு, தாம்பரத்திலேயே கிளம்புகிற காலி வண்டிக்காகக் காத்திருக்கும். அண்ணா குரலை ஏற்றி இறக்கிப் படித்தார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், பாவி.

படித்துவிட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். "எங்க வூட்டுக்காரி ஆஸ்பத்திரில கெடந்தப்போ பேச்சே நின்னுபோச்சு. ஒரு வாரமா மூஞ்சில ஒண்ணுமே இல்ல. இந்தப் பக்கத்த அவளுக்குப் படிச்சிக் காட்டிக்கினு இருந்தேன், பக்குனு சிரிச்சிட்டா. அதான் கடைசி. அதுக்கப்புறம் அவ சிரிக்கல" என்றார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு கை உயர்ந்தது.

புதுப் பெண். கூடுவாஞ்சேரியில் வீடு, சிறுசேரியில் வேலை. அன்றைக்குத்தான் மூன்றாவது தடவை வந்திருந்தாள். "சாரி அண்ணா, கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பக்கத்த அவர் எழுதல" என்றாள்.

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

முறைப்படி அவள் தன் பிரதியில் அதே பக்கத்தை மறுபடி படித்தாள். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, கரண்டு பில் படிப்பதுபோலப் படித்தாள். என் வரிகள் ஒவ்வொன்றும் அம்மணமாக வந்து நின்றன. பிறகு முன்னால் புரட்டினாள். "முப்பதாம் பக்கத்துல பூதம் தாம்பரத்துல எறங்கி கடல்ல குளிக்குது. தாம்பரத்துல ஏதுங்க கடல்? அவர் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார். அப்படிப்பட்டவருக்கு எந்த வண்டியில சீட்டு கிடைக்கும்னு எப்படித் தெரியும்? அது டெய்லி தாம்பரத்துல வண்டி ஏறுறவங்களுக்குத்தான் தெரியும்."

"கடல் வேணும்னே எழுதினதும்மா, காமெடி" என்றார் ஒருவர். "டிடெக்டிவ் மேடம் வந்துட்டாங்க" என்றார் இன்னொருவர். சிரிப்பு வேறு திசையில் கிளம்பியது.

அவள் விடவில்லை. "வண்டிய விடுங்க. ஜோக்கப் பாருங்க. அவர் சிரிக்க வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம போய்க்கிட்டே இருப்பார். இங்க ஒவ்வொரு ஜோக்குக்கும் அப்புறம், சிரிச்சியா சிரிச்சியான்னு ஒருத்தர் நின்னு பாக்கறாங்க. யாரோ பயந்து பயந்து எழுதியிருக்காங்க."

அண்ணாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னாம்மா பேசற நீ? சாவக் கெடந்துகினு எழுதின மனுசன். அதப்போயி வேற எவனோ எழுதினதுன்ற? நேத்து வந்துட்டு..." மடியிலிருந்த புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். டீச்சரும், "ரொம்ப ஓவரா யோசிக்கிறம்மா, விட்டுடு" என்றார். ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். அவள் சொன்னது ஒவ்வொன்றும் சரி என்று தெரிந்த ஒரே ஆள் நான், அவளுக்கு நேர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? கொடுத்த வாக்கு இருந்தது, அண்ணாவின் முகம் இருந்தது. இவற்றைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் உண்மை அதுவல்ல. எனக்குக் கோபம். பயந்து பயந்து எழுதியிருக்கிறார்களாமே! ஒன்பது நாள் தூங்காமல் எழுதியவளுக்கு அல்லவா தெரியும்? நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று இருந்தேன். அவர்கள் அவளைப் போட்டு மிதிப்பதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. எழுதக் கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

அவளுக்குக் காதெல்லாம் சிவந்துபோயிற்று. புத்தகத்தை மூடிப் பைக்குள் திணித்தாள். "சாரி அண்ணா. எனக்குத்தான் தப்பாப் பட்டிருக்கும். அவர் எழுதினதுதான். நல்லாத்தான் இருக்கு" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

அந்த 'நல்லாத்தான் இருக்கு' என்னைச் செருப்பால் அடித்தது. அந்த அறையில் ஒழுங்காகப் படித்தவள் அவள் ஒருத்திதான். அவள் வாயாலேயே பொய் சொல்ல வைத்துவிட்டேனே!

"உக்காரும்மா" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "நீ சொன்னதுதான் சரி. கடைசி இருபது பக்கமும் நான் எழுதினது."

முதலில் யாரும் நம்பவில்லை. டீச்சர் அரைச் சிரிப்போடு என்னைப் பார்த்தார். பதிப்பகம், பாதியில் நின்ற வாக்கியம், ஒன்பது நாள், போனில் அந்த அம்மா அழுதது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். எனக்கு அப்போது கிழக்குத் தாம்பரத்தில் வீடு. தினமும் மேம்பாலம் ஏறி இறங்கி, இரண்டே ஸ்டேஷன் போவதற்கும் செங்கல்பட்டு வண்டியை விட்டுவிட்டுக் காலி வண்டிக்கு நிற்பது பூதமல்ல, நான்தான் என்றேன். அந்தப் பெண் பையைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை.

நான் அண்ணாவைப் பார்க்கப் பயந்தேன். அவர் புத்தகத்தைத் திருப்பி, பின்னட்டையில் இருந்த எழுத்தாளரின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலால் அதன் மேல் ஒரு தடவை தேய்த்தார்.

"அவரு இத ஒரு தபாவாவது படிச்சாராம்மா?"

"இல்லண்ணா. அவருக்கு நெனவு திரும்பவே இல்ல."

"அப்போ எங்க வூட்டுக்காரிய சிரிக்க வச்சது நீயா?"

அந்தக் கேள்வியில் இருந்தது கோபமா, நன்றியா, எனக்குப் பிடிபடவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் புத்தகத்தை மூடி நாற்காலி மேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"அவளுக்கு அவருன்னா உசுரு. கடைசி வரைக்கும் அவரு எழுதினதுன்னே நெனச்சிக்கினு போயிட்டா. அவளாவது தப்பிச்சா" என்றார்.