மளிகைக் கடை வாசலில் ஒரு வேட்டைத் துப்பாக்கி

மளிகைக் கடைக் காவல் என்பது முக்காலி ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதில் உட்காரக் கூடாது என்று சொல்லும் உத்தியோகம். வாசலில் நின்று நின்று கால் வீங்கிய அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் யுத்த காலத்தில், பெங்களூர் கண்டோன்மென்ட்டில், என்னைப்போல் கையில் துப்பாக்கியும் கொடுத்து நிறுத்தப்பட்டவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். அது எனக்குத் தேவைதானா என்பது அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

பெருங்காய டப்பா

அரிசித் தட்டுப்பாடு வந்ததும் முதலாளி செட்டியாருக்குத் தூக்கம் போய்விட்டது. தம் அப்பா பன்றி வேட்டைக்கு வைத்திருந்த இரட்டைக் குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். நான் பட்டாளத்தில் இருந்தவன் என்பது அவர் நம்பிக்கை. இருந்தது உண்மைதான். சமையல் கொட்டகையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன் என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடுமே. "தோட்டா எங்கே ஐயா?" என்று மட்டும் கேட்டேன்.

"அது உள்ளே பெருங்காய டப்பாவுல பத்திரமா இருக்கு. சுடணும்னு தோணினா வந்து கேளு, யோசிச்சுச் சொல்றேன்."

காக்ஸ் டவுன் அம்மாள்

திருடன் பயந்தானோ இல்லையோ, வாடிக்கைக்காரர்களுக்குத் துப்பாக்கி பழகிவிட்டது. மழை நாளில் சிலர் அதன் மேல் குடையைச் சாய்த்துவிட்டு உள்ளே போனார்கள். காக்ஸ் டவுனில் பெரிய வீட்டுக்கார அம்மாள் ஒருவர், காப்பிக்கொட்டை வாங்கிக்கொண்டு திரும்பும்போது துப்பாக்கியை மேலும் கீழும் பார்த்தார். அவர் வீட்டு மாடியில் காயப்போடும் அப்பளத்தைக் குரங்குகள் விட்டுவைப்பதில்லையாம். வந்து சுடச் சொல்லப் போகிறாரே என்று அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"சுட்டா பாவம்ப்பா. வந்து சும்மா காட்டிட்டுப் போ, அதுங்களுக்கே புரியும்."

ஆயுத பூஜை

ஆயுத பூஜைக்குத் தராசு, படிக்கல், அளக்கிற படி, துப்பாக்கி எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு சாமி படத்துக்கு முன்னால் போய்விட்டன. மறுநாள் வரை தொடக் கூடாது. அன்றைக்கென்று பார்த்து அரிசி வண்டி வந்தது, ஜனம் திரண்டுவிட்டது. அளப்பதற்கு ஒரே ஒரு படியை மட்டும் சாமியிடம் கன்னத்தில் போட்டுக்கொண்டு செட்டியார் எடுத்தார். துப்பாக்கியை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். யார் மதித்தார்கள்? நெரிசலில் கதவு பெயர்ந்தது. தையற்கார பாய் ஒருவர் கீழே விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார். கத்திரி பிடிக்கிற கை. அவரைத் தூக்கி முக்காலியில் உட்காரவைத்தேன்.

"தினமும் சும்மா நிக்குமே அந்தத் துப்பாக்கி, இன்னைக்கு எங்கே போச்சு அண்ணே?"

அடுத்த வண்டி

அடுத்த வண்டி வந்தபோது செட்டியார் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: தள்ளினால் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டு, இல்லையென்றால் வேறு வேலை தேடிக்கொள். தள்ளினார்கள். தூக்கினேன். குழலுக்கு நேராக இருந்தது பிலோமினாவின் முகம். லிங்கராஜபுரத்தில் எனக்குப் பக்கத்துத் தெரு, ஒரே மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போகிறவர்கள். புருஷன் யுத்தத்துக்குப் போயிருந்தான். வீட்டில் மூன்று குழந்தைகள். அவள் பையைப் போட்டுவிட்டு ஓடினாள். கூட்டம் சட்டென்று அடங்கி வரிசையில் நின்றது, ஒருவருக்கும் சிராய்ப்புக்கூட இல்லை. செட்டியார் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவள் திரும்பி வந்தபோது அரிசி தீர்ந்திருந்தது.

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அவளைப் பார்த்து, துப்பாக்கியில் தோட்டா கிடையாது, இருந்தாலும் எனக்குச் சுடத் தெரியாது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"நீங்க சுடமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும் அண்ணே. என் காலுக்குத்தான் தெரியல."

துப்பாக்கி இல்லாத நாளில் ஒருவருக்குக் கை ஒடிந்தது, இருந்த நாளில் ஒரு வீட்டில் உலை வைக்கவில்லை. ஆகவே காவல்காரனுக்கு ஆயுதம் வேண்டுமா என்று யாராவது கேட்டால், உள்ளே எத்தனை மூட்டை அரிசி இருக்கிறது என்று திருப்பிக் கேட்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.