இரண்டு பேர் மட்டும் உட்காரும் வண்டி

லாரி எங்கள் களத்துக்குள் பின்பக்கமாக வந்து நின்றபோது அப்பா வாழைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். தார்ப்பாயை விலக்கியதும் இடுப்பு உயரம்கூட இல்லாத ஒரு கார் தெரிந்தது. மூக்கு ஆப்பு போலச் சரிந்திருந்தது. ஒரு காலத்தில் ஆரஞ்சு நிறமாக இருந்திருக்க வேண்டும். இப்போது துரு எது, பெயின்ட் எது என்று பிரிக்க முடியவில்லை. உள்ளே எலி கட்டிய கூடும் பழைய தேயிலைச் சாக்கின் வாடையும் இருந்தன. லாரியிலிருந்து குதித்த மச்சான், அதாவது என் அக்காவின் கணவர், அப்பா இருந்த பக்கம் பார்த்துக் கைகூப்பினார். அப்பா குனிந்து அடுத்த மடையைத் திறந்துவிட்டார்.

அவர்கள் இருவருக்கும் இடையில் பேச்சில்லாமல் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. மச்சான் மலையில் மாட்டுப்பட்டி அணைக்கட்டுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், கிறிஸ்தவர். பாலக்காட்டில் வேலை பார்த்தபோது அக்காவைச் சந்தித்தார். எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியில் நாலு பேர் மதிக்கும் விவசாயக் குடும்பம் என்று நினைத்துக்கொண்டிருந்த எங்கள் அப்பாவுக்குத் தெரியாமல் கல்யாணம் நடந்தது. அப்பா சாபம் விடவில்லை, சண்டைக்கும் போகவில்லை. அப்படி ஒரு மனிதர் உலகத்தில் இல்லை என்பதுபோல நடந்துகொண்டார். மச்சானின் அப்பா தோட்டத்தில் இறந்தபோதுகூடப் போகவில்லை. எங்கள் அம்மா இறந்தபோது அக்காவும் மச்சானும் வந்தார்கள்; அப்பா தடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துபோக ஆரம்பித்தார்கள். அக்காவிடம் அப்பா பேசுவார். மச்சான் இருக்கும் பக்கம் கண் போனால் அவரைத் தாண்டிப் பின்னால் இருக்கும் சுவரில் போய் நிற்கும்.

அந்தக் காரை முன்னொரு காலத்தில் தோட்டத்து மேலாளர் ஒருவர் கப்பலில் வரவழைத்திருந்தார். இத்தாலியில் செய்தது. மச்சானின் அப்பா அவருடைய டிரைவர். பெரிய காரை ஓட்டுவது அவர் வேலை; இந்தச் சின்ன வண்டியைக் கழுவுவதும் துடைப்பதும் மட்டும்தான் அவருக்கு விடப்பட்டது. மேலாளர் போய், அடுத்தவர் வந்து, அவரும் போய், வண்டி ஒரு கொட்டகையில் மட்கிக் கிடந்தது. கொட்டகையை இடிக்கும்போது, வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ என்று மச்சானிடம் சொல்லிவிட்டார்கள். பாலக்காட்டில் அவர்கள் இருந்தது மாடி வீடு. எங்கள் டிராக்டர் ஷெட்டில் பாதி காலியாக இருந்ததால் என்னிடம் கேட்டார், நானும் சரி என்றேன்.

"எங்கப்பா இத எத்தன வருஷம் கழுவியிருப்பாரு தம்பி! ஒருநாளும் பக்கத்து சீட்டுல உக்காந்ததில்ல. எங்கம்மாவ இதுல உக்கார வச்சு அணைக்கட்டு வரைக்கும் ஒரு சுத்து கூட்டிட்டுப் போணும். அம்புட்டுதான்" என்றார்.

இந்த வண்டியில் எஞ்சின் முன்னால் இல்லை, டிக்கியிலும் இல்லை. சீட்டுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்கு முன்னால், ஓட்டுகிறவரின் முதுகை ஒட்டினாற்போல் குறுக்காக உட்கார்ந்திருக்கும். ரேடியேட்டரோ மூக்கில். அங்கிருந்து எஞ்சினுக்குத் தண்ணீர் போகும் குழாய்கள் தரைக்கு அடியில் வண்டியின் முழு நீளத்துக்கும் ஓடின. நடுவில் ஓரிடத்தில் காற்று அடைத்துக்கொண்டாலும் எஞ்சின் கொதித்துவிடும். எஞ்சினை மேலே தூக்கி எடுக்கவும் வழியில்லை. அதைக் கீழே ஒரு தள்ளுவண்டியில் இறக்கிவைத்துவிட்டு, மேலே இருக்கும் உடம்பை மொத்தமாக உயர்த்த வேண்டும்.

ஷெட்டின் உத்தரத்தில் சங்கிலி பிளாக்கைக் கட்டிக் காரின் பின்பக்கத்தைத் தூக்கிய அன்று மச்சான் அடியில் படுத்து ஒரு போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அப்பா வாசலில் வந்து நின்றார். அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னிடம், "அந்த உத்தரம் உள்ளுக்குள்ள உளுத்துப் போனது. அடியில ஆரும் படுக்க வேண்டாமுன்னு சொல்லு" என்றார். மச்சானின் தலை அவர் காலிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது. அங்கிருந்தே பதில் வந்தது: "சரின்னு சொல்லுங்க தம்பி." இரண்டையும் நான் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சொன்னேன். மச்சான் வெளியே உருண்டு வந்த பிறகு அப்பா பனங்கட்டை ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து உத்தரத்துக்குத் தாங்கு கொடுத்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதை நிமிர்த்தியபோதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அப்படியே மாதங்கள் போயின. தரைத் தகடு பொத்தலாகியிருந்தது. வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக வெல்டிங் செய்தார். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். பிரேக் முழுவதும் மாற்றினார். அவருக்கு அதிகம் பயம் பெட்ரோல் குழாய்களைப் பற்றித்தான். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். அந்தக் காலத்து ரப்பரை அது தின்றுவிடும் என்பார். ஒவ்வொரு ஹோஸாக மாற்றிக்கொண்டே வந்தார். எஞ்சினைத் திரும்ப மாட்டிய பிறகுதான், டாங்கிக்குப் பின்னால் மறைவாக ஒரு சின்னத் துண்டு பழைய ரப்பராகவே தங்கிவிட்டது தெரிந்தது. அதற்குக் கை நுழைய வேண்டுமானால் எஞ்சினை மறுபடி இறக்க வேண்டும். அடுத்த வாரம் இறக்கலாம் என்று வைத்திருந்தார். அதுவரை ஷெட்டுக்கு முன்னால் எடுத்து நிறுத்துவது, உள்ளே விடுவது, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, துண்டைத் தோளில் மடித்து வைத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். கார் உறுமிக்கொண்டு நின்றது. என்னைப் பார்த்து, "பக்கத்து சீட்டு சும்மாதான இருக்குது? வாய்க்கா வரைக்கும் போயிட்டு வரலாமான்னு கேளு" என்றார்.

மச்சான் முகத்தில் அப்போது ஓடியதை என்னால் இன்றும் பார்க்க முடிகிறது. அத்தனை வருடங்களில் அப்பா அவரிடம் கேட்ட முதல் காரியம் அது. மச்சான் என்னை ஓரமாக இழுத்தார். "ஒரு ஹோஸ் பாக்கி கெடக்கு தம்பி. அடுத்த வாரம் ஏத்துறேன்னு சொல்லுங்க." நான் திரும்புவதற்குள் அப்பா கதவைத் திறந்து, முழங்கால் வலியோடு, தரையோடு தரையாக இருந்த அந்த சீட்டில் தன்னை இறக்கிக்கொண்டுவிட்டார். துண்டை மடியில் வைத்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்தார். இறங்குங்கள் என்று அவரிடம் யார் சொல்வது? மச்சான் எஞ்சினை அணைத்து, மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, மோந்து பார்த்து, மறுபடி மூடினார். "வாய்க்கால் வரைக்கும்தான். நீங்க பைக்குல பின்னாலயே வாங்க" என்றார்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அன்று நன்றாக அடித்தது. அறுப்பு முடிந்த வயல்களின் நடுவே கார் போனது. நான் புழுதியைத் தின்றுகொண்டு பின்னால். பக்கத்துத் தோட்டக்காரரின் வைக்கோல் போர்கள் வரிசையாக நிற்கும் இடம் நெருங்கும்போது எஞ்சின் மூடியில் காற்றுப் போக வைத்த வரிப்பலகைகளுக்கு இடையில் வெள்ளையாக ஏதோ எழுந்தது. புழுதி என்று நினைத்தேன். அடுத்த நொடி அதற்குள் மஞ்சளாக ஒரு நாக்கு துடித்தது.

ஹாரனை அழுத்திப் பிடித்தேன், கத்தினேன். அவர்கள் முதுகுக்குப் பின்னாலேயே எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது. என் சத்தம் எங்கே கேட்கும்? பின்கண்ணாடி வழியாக இரண்டு தலைகளும் அமைதியாக முன்னால் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. தீ அவர்களுக்கு ஒரு சாண் பின்னால் இருந்தது. அது அவர்களுக்குத் தெரியாது. ரோட்டில் முந்துவதற்கு இடமில்லை. பைக்கை வயலில் இறக்கி, தாளடிக் கட்டைகளில் குதித்துக் குதித்து ஓட்டி, காருக்குப் பக்கத்தில் போய்க் கையை ஆட்டினேன். மச்சான் என் முகத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். வண்டி நின்றது.

அவர் வெளியே பாய்ந்துவிட்டார். அப்பாவால் முடியவில்லை. அந்தப் பக்கக் கதவின் உள்கைப்பிடி இன்னும் மாட்டப்படவில்லை. கண்ணாடியை இறக்கி வெளியே கைவிட்டுத்தான் திறக்க வேண்டும். அது அப்பாவுக்குத் தெரியாது. கதவை உள்ளிருந்து குத்திக்கொண்டிருந்தார். மச்சான் சுற்றி ஓடிக் கதவைத் திறந்து, இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, ஒரே இழுப்பாக அவரை வெளியே எடுத்து வரப்பில் தள்ளினார். அப்பாவின் ஒரு செருப்பு காருக்குள்ளேயே நின்றுவிட்டது.

அதற்குள் காற்று பொறியை வைக்கோல் போரின் பக்கம் கொண்டுபோக ஆரம்பித்திருந்தது. ஒரு போர் பற்றினால் மற்றவையும் போகும். அதற்கு அப்பால் ஒரு மாட்டுக் கொட்டகை இருந்தது. மச்சான் திரும்ப காரிடம் ஓடினார். "நியூட்ரல்ல தட்டி ஸ்டீரிங்கப் பிடிங்க தம்பி!" என்று கத்திவிட்டு பின்பக்கம் போய்த் தள்ளினார். கொஞ்ச தூரத்தில் மாடு குளிப்பாட்ட வாய்க்காலுக்கு இறங்கும் சரிவு இருந்தது. பின்பக்கத்தில் கை வைக்கக்கூடிய தகடெல்லாம் கொதித்தது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பின்னாலிருந்து அப்பாவின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது: "உட்டுட்டு வாங்கய்யா! அதை உட்டுட்டு வாங்க!" வண்டி சரிவில் தானாக உருண்டு மூக்கைத் தண்ணீரில் நனைத்து நின்றது. நான் எஞ்சின் மூடியைத் திறக்கப் போனேன். "தொறக்காதீங்க, காத்து போனா கொழுந்து விட்ரும்!" என்றார். வாய்க்கால் சேற்றை அள்ளி அள்ளி வரிப்பலகைகளின் மேல் அப்பினோம். தோட்டக்காரரும் ஆட்களும் ஈரச் சாக்குகளோடு ஓடி வந்தார்கள். ஒருவழியாகத் தீ அடங்கிக் கரும்புகை மட்டும் மிஞ்சியது.

அப்பா நொண்டிக்கொண்டே வந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. நேராக மச்சான் முன்னால் நின்று, முதல்முறையாக, அவர் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"வண்டி எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போவுது! நீ எதுக்குய்யா மறுக்கா அதுகிட்டப் போனே? உனக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆயிப்போச்சுன்னா, எம்புள்ள மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

மச்சான் உள்ளங்கைகளை மேலே பார்க்கத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தார். தோல் வழன்றிருந்தது. "போரு பத்திக்கிடும்னுதான் மாமா" என்றார்.

"பத்துனா பத்தட்டும்" என்றார் அப்பா. போரின் சொந்தக்காரர் பக்கத்திலேயே நின்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அக்கா சொன்ன முதல் வார்த்தை, அந்த வண்டி இனி இந்த வீட்டில் இருக்கக்கூடாது என்பது. மச்சானுக்கும் அதுதான் எண்ணம். வயர்கள் கருகி, பின்பக்கப் பெயின்ட் கொப்புளித்திருந்தது. எஞ்சின் பிழைத்திருந்தாலும் அவருக்குள் எதுவோ போய்விட்டது. அப்பாவை வைத்துக்கொண்டு அன்று கிளம்பியது தப்பு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கைகள் இரண்டும் கட்டுப் போட்டிருந்தன. அக்கா ஊட்டிவிட வேண்டியிருந்தது. அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு சாப்பிட்டு முடித்ததும் எழுந்தார். "அந்த ஹோஸு எவத்த இருக்குதுன்னு வந்து காட்டுங்க மாப்பிள்ளை. உங்க கைதான முடியாது, என் கை இருக்குதில்ல" என்றார்.

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து ஷெட்டுப் பக்கம் அவள் வரவில்லை.

எஞ்சின் மறுபடி இறங்கியது. மச்சான் முக்காலியில் உட்கார்ந்து சொல்ல, அப்பா டிராக்டரில் பழகிய கைகளால் செய்தார். "அந்த நட்டு இல்ல மாமா, அதுக்கு மேல." "மேலன்னா எந்த மேல? மேக்காலயா?" "ஐயோ, கைய எடுங்க, அது பிரேக்கு!" என்னை நடுவில் வைத்துப் பேசிய இரண்டு பேரும் நேருக்கு நேர் சண்டை போட்டதைக் கேட்டுக்கொண்டு நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். கோபத்தில் அப்பா எழுந்து போவதும், காபி குடித்துவிட்டுத் திரும்பி வருவதும் நடந்தது.

அப்பா இப்போது இல்லை. மச்சானின் உள்ளங்கைகள் இன்றைக்கும் மழுமழுவென்று ரேகை குறைந்து இருக்கின்றன. அந்த வண்டியை வெளியே எடுப்பதற்கு முன் இப்போதும் மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறார். என் மகள் சிரிப்பாள். நான் சிரிப்பதில்லை.

அப்பா இருந்த அந்த நாட்களில், ஹோஸ் மாற்றி முடித்து, மச்சானின் அம்மாவை ஏற்றிச் சுற்றிக் காட்ட வண்டி மலைக்குப் போவது என்று முடிவானபோது பக்கத்து சீட்டில் அவர்தான் உட்கார்ந்தார். வேறு சீட்டே கிடையாது. கிளம்பும் அன்று அக்கா பல மாதங்களுக்குப் பிறகு ஷெட்டுக்குள் வந்தாள். டார்ச்சை வாங்கி, ஒவ்வொரு ஹோஸின் கிளாம்பையும் விரலால் தொட்டு அசைத்துப் பார்த்தாள். மச்சானும் அப்பாவும் பரீட்சை எழுதிய பிள்ளைகள் போல நின்றார்கள். "போயிட்டு வாங்க" என்றாள். அப்புறம் பகல் முழுவதும் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். உடுமலைப்பேட்டை தாண்டியதும் ஒருமுறை பேசினார்கள், மறையூரில் ஒருமுறை. அதற்குமேல் ஏற்றம். பிறகு போன் எடுக்கவில்லை.

பொழுது சாய்ந்த நேரத்தில் என் போன் அடித்தது. அப்பா.

"வண்டிக்கு ஒன்னும் ஆகலைங்களாப்பா?" என்றேன்.

"வண்டி கெடக்குது." குரலைத் தாழ்த்தினார். பின்னால் காற்றின் சத்தம். "தோட்டத்து லயத்து வீடுகளுக்குக் கீழ நிறுத்தியிருக்குது. மாப்பிள்ளை மேல போயிருக்கறாரு, அவங்கம்மாவைக் கூட்டிட்டு வர. உங்கக்கா கல்யாணத்த நான் ஏத்துக்கலை, அந்தம்மா ஊட்டுக்காரரு செத்ததுக்கும் வரலை. இப்ப என்னன்னு சொல்லிப் பேச்சை எடுக்கறது கண்ணு?"

அக்கா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"வந்துட்டேனுங்கன்னு சொல்லுங்கப்பா," என்றாள். "அது போதும்."