சுளுக்குக்குக் கிடைத்த கட்டில்

யாருக்கு எந்த அடி என்று பிரித்துக் கொடுக்கையில் எங்கள் கிட்வாய் நகர் குடியிருப்பில் பெரிய தகராறே வந்துவிட்டது.

மேல்மாடியில் இருக்கும் நர்ஸ்தான் ஆரம்பித்து வைத்தாள். டில்லியில் பூகம்பம் வந்து, அடிபட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினால் ஆஸ்பத்திரி தாங்குமா என்று ஒத்திகை பார்க்கப் போகிறார்களாம். பொய் நோயாளிகள் வேண்டும், மத்தியானச் சாப்பாடு உண்டு என்றாள். ஆளுக்கொரு சீட்டு. என்ன அடி, என்ன சொல்ல வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும்.

சீட்டுக் கட்டைக் குடியிருப்புச் சங்கத் தலைவர் கையில் கொடுத்தது அவள் செய்த தப்பு. சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் பிரித்தால் எப்படிப் பிரிப்பார்கள்? பதவிப்படிதான். துணைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்ற தலைவருக்கு மண்டைக் காயம். அவருக்கு அடுத்தவருக்கு இரண்டு காலும் முறிவு. இறங்கி இறங்கி, செக்ஷன் ஆபீசரான என் வீட்டுக்காரருக்கு வந்தபோது மிச்சம் இருந்தது கணுக்கால் சுளுக்கு. ரத்தமே இல்லாத ஒரு சீட்டை யாரும் சீந்தவில்லை. 'வயிற்றுக்குள் காயம். வெளியே ஒன்றும் தெரியாது. கேட்டால் மட்டும் வலிக்கிறது என்று சொல்லவும்.' அதை என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

"அக்கா, இதுதான் இருக்கதுலயே ஆபத்தான கேஸ். ஒத்திகை முடிஞ்சு விசில் அடிக்குமுன்ன டாக்டர் வந்து வயித்தத் தொட்டுப் பாக்கலன்னா நீங்க செத்தாச்சு. சிரிச்சுக் கெடுத்துராதீங்க" என்றாள் நர்ஸ்.

என்னைப் போய்ச் சிரிக்காமல் இரு என்றால்? வேனில் ஏறியதிலிருந்தே எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலைவர் மண்டையில் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு அதே கம்பீரத்தோடு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் மட்டும் உம்மென்று இருந்தார். "சுளுக்காம் சுளுக்கு. ஆபீஸ்லதான் மதிக்க மாட்டேங்கானுவன்னா இங்கயுமா?" என்று முணுமுணுத்தார். இறங்கும்போது பார்க்கிறேன், தலைவரின் சாயக் கிண்ணத்தை வாங்கித் தன் நெற்றியிலும் கழுத்திலும் தாராளமாகப் பூசிக்கொண்டிருக்கிறார்!

வாசலிலேயே ஆளைப் பார்த்துக் கையில் ரிப்பன் கட்டினார்கள். சிவப்பு என்றால் உடனே உள்ளே. பச்சை என்றால் காத்திருக்கலாம். கருப்பு என்றால் போய்ச் சேர்ந்தாயிற்று. இவர் தரையில் விழுந்து உருண்டு, "ஐயோ அம்மா! அரே பையா, ஜல்தி!" என்று போட்ட கூச்சலில் வாசல் காவலாளியே நிஜமென்று நம்பி ஓடி வந்தான். சிவப்பு ரிப்பன், ஸ்ட்ரெச்சர், பரிவாரத்தோடு உள்ளே போனார். அவசரப் பிரிவில் காலியாக இருந்த கடைசிக் கட்டில் அது. சீட்டுப்படி மண்டைக் காயக்காரரான தலைவர் வெளியே நின்று, "அவர் எனக்கு ஜூனியர்!" என்று டாக்டரிடம் முறையிட்டார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். சிரிப்பை அடக்கத்தான்.

"ஆண்டி, ஆப் டீக் ஹைன் நா?" நன்றாகத்தானே இருக்கிறீர்கள் என்று ஒரு பயிற்சி நர்ஸ் கேட்டது. பதில் சொல்ல நான் வாய் திறப்பதற்குள் பச்சை ரிப்பனைக் கட்டி, பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு ஓடிவிட்டது.

உட்கார்ந்தேன். கண்ணாடிக் கதவு வழியே இவர் நன்றாகத் தெரிந்தார். மூன்று பேர் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகிறவர் வருகிறவர் முகத்தையெல்லாம் நான் பார்த்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. விளையாட்டுதான் என்று தெரியும். இருந்தாலும், யாராவது ஒருத்தர் வந்து என் வயிற்றைத் தொட்டுப் பார்க்க மாட்டார்களா என்று நிஜமாகவே ஏங்க ஆரம்பித்துவிட்டேன். சாவதற்குக்கூட வாய் வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்ததும் மறுபடி சிரிப்பு வந்தது. விசிலும் அடித்துவிட்டது.

மேற்பார்வைக்கு வந்த அம்மாள் என் பச்சை ரிப்பனை அவிழ்த்துவிட்டுக் கருப்பைக் கட்டினாள்.

எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து அவளே முடிவைச் சொன்னாள். கட்டில் இல்லாமல், யாரும் தொட்டுப் பார்க்காமல் ஒரு நோயாளி போய்விட்டார், கடைசிக் கட்டிலில் கிடந்தது சுளுக்குக் கேஸ் என்றாள். கூடம் அதிரச் சிரித்தது. இவர் எழுந்து நின்று எல்லோருக்கும் கும்பிடு வேறு போட்டார். "யாருங்க அந்தப் பாவப்பட்ட ஜீவன்?" என்று தலைவர் கேட்க, நான் கையைத் தூக்கினேன்.

இவர் என் கையையே பார்த்தார். நெற்றிச் சாயத்தைச் சட்டைக் கையால் துடைத்தார். பிறகு அந்த அம்மாளிடம் போய், "மேடம்ஜி, ஏக் பார் அவுர்" என்றார். இன்னொரு தடவை நடத்த வேண்டுமாம். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அவள் சிரித்தாள். இவர் நகரவில்லை.

எனக்கு வெட்கமாகிவிட்டது. சட்டையைப் பிடித்து இழுத்தேன். "வாங்க, சாப்பாடு ஆறிப் போகுது. நான்தான் குத்துக்கல்லு மாதிரி நிக்கேன்லா?"

"இன்னைக்கு நீ நிக்கே. நெசமா பூகம்பம் வந்தாலும் நான் இப்படித்தாம்ட்டி கத்துவேன்" என்றார்.