அடித்தல் ஒன்று

எங்க ஆபீசுக்கு வந்து யாராவது "என் பூர்வீகத்தைத் தேடணும்"னு ஆரம்பிச்சா எனக்குப் பத்திக்கிட்டு வரும். பத்திர ஆபீசுல நகல் பிரிவு என்னோடது. பழைய பதிவுப் புத்தகத்தை எடுத்து, கேட்ட பத்திரத்துக்கு நகல் போட்டு, முத்திரை குத்திக் குடுக்கணும். இருபத்தாறு வருஷமா தும்மிக்கிட்டே இதைத்தான் செய்யறேன். தேடி வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்குத் தாத்தா பெரிய ஆளா இருந்திருக்கணும். இல்லேன்னா புத்தகமே தப்புன்னு என்கிட்ட மல்லுக்கு நிப்பாங்க.

ஆனா வார்டு அக்காவை அப்படி விரட்ட முடியல. பெரிய ஆஸ்பத்திரியில முப்பத்துமூணு வருஷம் வார்டு வேலை பார்த்து ரிடையர் ஆனவங்க. எனக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தப்போ, மறுநாளே என்னை எழுப்பி நடக்க வெச்சது அவங்கதான். வலிக்குதுன்னு நான் அழுதேன். அழுதுக்கிட்டே நட, ரெண்டையும் ஒண்ணா செய்யலாம்னாங்க. ஆறடி ஆம்பளையைக்கூட ஒத்தை ஆளா புரட்டிப் படுக்க வைக்கிற கை அவங்களுக்கு. கல்யாணம் பண்ணிக்கல. கேட்டா, தினம் நாப்பது பேருக்கு உடம்பு துடைச்சு விடறேன், வீட்டுல வேற ஒருத்தன் எதுக்குன்னு சிரிப்பாங்க.

அப்படிப்பட்டவங்க ஒருநாள் காலையில பிளாஸ்டிக் கவரை மடியில வெச்சுக்கிட்டு என் மேசைக்கு எதிர்ல உக்காந்தாங்க. முகத்துல சிரிப்பே இல்ல.

விஷயம் இதுதான். அவங்களுக்கு ஒரே தம்பி, ஆறு வயசு சின்னவர். அப்பா அம்மா போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காச்சு. தம்பி மகன் காலேஜுக்குப் போகாம ஊர் சுத்தறான்னு அக்கா அவனைப் பிடிச்சு நாலு வாங்கு வாங்கியிருக்காங்க. தம்பிக்குப் பொறுக்கல. பெத்த பிள்ளை முன்னாடியே கேட்டிருக்கார்: "எங்க குடும்பத்துல பேச நீ யாரு? அப்பா பட்டாளத்துல இருந்தப்போ பொறந்தவ நீ. பெரியப்பா எனக்கு எல்லாம் சொல்லியிருக்காரு."

அறுபத்துமூணு வயசுல ஒரு பொம்பளை கேக்கற வார்த்தையா இது? அந்தத் தம்பி பேதி மருந்து குடிச்சப்பகூட பக்கத்துல உக்காந்திருந்தவங்க இவங்க. அந்தப் பெரியப்பாவும் செத்து ரொம்ப நாளாச்சு, போய்ச் சட்டையைப் பிடிக்கவும் வழியில்ல. அக்காவுக்கு வேற எதுவும் வேணாம். தான் அந்த அப்பாவுக்குப் பொண்ணா இல்லையா, அது தெரிஞ்சாப் போதும். அது தெரியாம சோறு இறங்கலைன்னாங்க.

முதல்ல பட்டாளத்து ஆவண ஆபீசுக்கு எழுதிப் போட்டிருக்காங்க. அவங்க ஒரு ஃபாரம் அனுப்பினாங்களாம். அதுல முதல் கேள்வியே, அந்தச் சிப்பாய்க்கு நீங்க என்ன உறவு, ஆதாரம் இணைக்கவும். அடப்பாவிகளா, அதைத் தெரிஞ்சுக்கத்தானே எழுதறேன்னு அக்கா தலையில அடிச்சுக்கிட்டாங்களாம். அப்புறம் நாலு கடுதாசி, ஆறு மாசம். கடைசியா அப்பாவோட சர்வீஸ் பதிவேட்டை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பிட்டாங்க. பூராவும் சுருக்கக் குறியும் எண்ணுமா இருந்ததால, பழைய எழுத்து படிக்கத் தெரிஞ்ச ஆள்னு என்கிட்ட கொண்டு வந்தாங்க.

ஒவ்வொரு பக்கத்துக்கும் மேல அவர் பட்டாள நம்பர். அதுக்குக் கீழ எந்தப் படைப்பிரிவு, எந்தத் தேதியில எங்க போனார், என்ன ஊசி போட்டாங்க, எத்தனை நாள் லீவு. ஒரு ஜனவரியில கப்பல் ஏறியிருக்கார். அடுத்த வருஷம் டிசம்பர்லதான் திரும்பி வந்திருக்கார். நடுவுல லீவு எழுதற கட்டத்துலயெல்லாம் வெறும் கோடு, லீவே இல்லைன்னு. அக்காவோட பிறப்புச் சான்றிதழ் பக்கத்துலயே இருந்தது. ரெண்டாவது வருஷம் ஆகஸ்ட்.

லீவுப் பக்கம் ஒண்ணு விட்டுப் போயிருக்கும்க்கான்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பக்க எண் வரிசையா இருக்கேம்மான்னாங்க. பிரசவ வார்டுல ஒன்பது வருஷம் இருந்தவங்ககிட்ட மாசக் கணக்குல ஏமாத்த முடியுமா? விரல்ல எண்ணி முடிச்சாங்க.

"பத்தொம்பது மாசம். நான் என்ன யானைக்குட்டியா?"

சொல்லிட்டு அவங்களே சிரிச்சாங்க. சிரிப்பு அப்படியே அழுகையாப் போச்சு. எங்க ஆபீஸ்ல எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க, நான் முறைச்சதும் வேலையைப் பார்த்தாங்க. அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, எங்கம்மா பாவம், அவர் வர்ற தேதி தெரிஞ்சதும் எப்படிப் பதறியிருப்பாளோன்னாங்க. தம்பி சொன்னது நெசந்தான்னு கவரை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

அன்னிக்கு எனக்கு வேலை ஓடல. தம்பி மேல ஆத்திரம், செத்துப்போன பெரியப்பா மேல ஆத்திரம், லீவு இல்லைன்னு அவ்வளவு அழகாக் கோடு போட்டு வெச்ச பட்டாளத்து குமாஸ்தா மேலயும் ஆத்திரம். அப்பத்தான், அக்கா கவர்ல இன்னொரு காகிதம் பார்த்தது ஞாபகம் வந்தது. அவங்க இப்ப குடியிருக்கிற வீட்டு மனைக்கான தானப் பத்திரம். அக்காவுக்கு மூணு வயசா இருக்கும்போது, தன் வீட்டுக்குப் பின்னால இருந்த துண்டு நிலத்தை அப்பா அவங்க பேருக்கு எழுதி வெச்சிருக்கார். அசல் கரையான் அரிச்சுப் போச்சு. அவங்க வெச்சிருந்தது எங்க ஆபீஸ்ல எனக்கு முன்னாடி இருந்தவர் டைப் அடிச்சுக் குடுத்த நகல். அதுல "என் மகள்"னு இருந்தது. ஊர் வாய்க்குப் பயந்து யாரும் அப்படித்தானே எழுதுவாங்கன்னு நானும் அதைப் பெரிசா எடுத்துக்கல.

ஆனா கையால எழுதின பதிவுப் புத்தகம் எங்க அறையிலதான் இருக்கு. சும்மா உக்காந்திருக்க முடியல, அவ்வளவுதான். புத்தகம் கீழ்த்தட்டுல அட்டை பிஞ்சு கிடந்தது. தரையில சம்மணம் போட்டு உக்காந்து புரட்டினேன்.

பத்திரத்தோட கடைசியில ஒரு வரி இருந்தது. "இரண்டாம் பக்கம் ஏழாம் வரியில் 'வளர்ப்பு' என்ற ஒரு சொல் அடித்தல்."

கையால பத்திரம் எழுதற காலத்துல இது கண்டிப்பு. ஒரு சொல்லை அடிச்சாலும் திருத்தினாலும் கடைசியில குறிக்கணும், சொத்தைக் குடுக்கறவர் அதுக்குன்னு தனியாக் கையெழுத்துப் போடணும். பதிவுப் புத்தகத்துல ஏத்தறவங்க அடிச்சதையும் அப்படியே ஏத்துவாங்க. ஏழாம் வரிக்குப் போனேன். "என் வளர்ப்பு மகள்"னு எழுதி, "வளர்ப்பு" மேல ஒரு கோடு. கடைசியில அந்தக் குறிப்புக்குப் பக்கத்துல அவர் பேர். பேருக்குக் கீழ பட்டாள நம்பர். காலையில பக்கத்துக்குப் பக்கம் பார்த்த அதே நம்பர். முதல் சாட்சி யாருன்னு பார்த்தா, குடுக்கறவரோட அண்ணன்னு போட்டிருந்தது, பெரியப்பாதான்.

எத்தனை பத்திரம் எழுதறதைப் பார்த்திருக்கேன், எனக்குத் தெரியாதா எப்படி நடந்திருக்கும்னு. எழுதறவர் உறவு கேட்டிருப்பார். அண்ணன்காரர் முந்திக்கிட்டு "வளர்ப்பு மகள்"னு சொல்லியிருப்பார். எழுதி முடிச்சுப் படிச்சுக் காட்டினப்பதான் அந்த வார்த்தை அப்பா காதுல விழுந்திருக்கும். அடிங்கன்னு சொல்லியிருப்பார். இதெல்லாம் என் ஊகம். கோடும் கையெழுத்தும் ஊகம் இல்ல. டைப் பண்ணின மனுஷன் கோடு போட்டிருந்த சொல்லை முறைப்படி விட்டுட்டார், குறிப்பையும் சேர்த்து விட்டுட்டார். அதனால இத்தனை வருஷமா யார் கண்ணுக்கும் படல.

அக்காவுக்குக் காட்டலாமா வேணாமான்னு எனக்குத் தயக்கம்தான். ஏற்கனவே நொந்து போனவங்க, "வளர்ப்பு"ன்னு வேற எழுத்துல பார்க்கணுமா? கடைசியில, அவங்க அப்பா போட்ட கையெழுத்தை மறைக்க நான் யாருன்னு தோணிச்சு. ஃபோன் பண்ணி வரச் சொன்னேன்.

மறுநாள் வந்தாங்க. விரலை வெச்சு ஏழாம் வரியைப் படிச்சாங்க. கடைசிக் குறிப்பையும் படிச்சாங்க. இதுக்கு யார் கையெழுத்துப் போடணும்னு கேட்டாங்க. குடுக்கறவர்தான்னேன்.

"அப்ப அப்பாவுக்கு எல்லாம் தெரியும்."

"தெரியும்க்கா. எல்லாம் தெரிஞ்சவர்தான்."

அந்த மனுஷன் தன்கிட்ட ஒரு நாள்கூட வித்தியாசம் காட்டினதில்லைன்னாங்க. ஆஸ்பத்திரி வேலை கிடைச்சு முதல் நாள் கூட வந்தவர், கேட்டுல நின்ன வாட்ச்மேன்ல இருந்து மேல டாக்டர் வரைக்கும் நிறுத்தி நிறுத்தி "இது என் மூத்த பொண்ணு"ன்னு சொன்னாராம். தனக்கு வெக்கமாப் போச்சு, போதும்ப்பா கிளம்புங்கன்னு கடிஞ்சாங்களாம். அதைச் சொல்லும்போது தேம்பித் தேம்பி அழுதாங்க. எனக்கும் தாங்கல, நானும் அழுதேன்.

அப்புறம் நான் ஒரு அசட்டுக் கேள்வி கேட்டேன். அப்ப பெத்தவர் யாருன்னு தேட வேணாமாக்கா? ஆஸ்பத்திரியில நான் நடக்க மாட்டேன்னு அடம் பிடிச்சப்போ பார்த்தாங்களே, அதே பார்வை.

"யாரைத் தேடணும்? எங்க அப்பாதான் நம்பர் போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காரே."

தம்பிக்குக் காட்ட ஒரு நகல் வேணும்னாங்க. கம்ப்யூட்டர்ல சுத்தமா அடிச்சுத் தர்றேன், அந்த வார்த்தையே இருக்காது, வெறும் "என் மகள்"னு வரும்னேன். அக்கா வேகமாத் தலையாட்டினாங்க.

"வேணாம்மா. அந்த வார்த்தையையும் எழுது. எழுதி அடி. படிக்கத் தெரியற மாதிரி அடி. அவர் தெரிஞ்சேதான் அடிச்சாருன்னு என் தம்பி பார்க்கணும்."

கையாலயே எழுதினேன். ஏழாம் வரி வந்ததும் அக்கா எழுந்து என் தோள்பக்கம் வந்து நின்னாங்க. "வளர்ப்பு"ன்னு முழுசா எழுதி, ஸ்கேலை வெச்சு, அது மேல ஒரே ஒரு கோடு போட்டேன்.